மைசன் அன்னத் தட்டு: சாய்ந்து பாருங்கள், சின்னத்தை நம்பாதீர்கள்

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில், ஸ்விங்கர் அரண்மனையின் பீங்கான் காட்சியகத்தில் மைசன் ஆலை செய்த அன்னத் தட்டை நேராக நின்று பார்ப்பது வீண். வெள்ளைத் தட்டு, விளிம்பில் சின்னதாக ஒரு குலச்சின்னம், அவ்வளவுதான் தெரியும். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். சிப்பி வரிகள் விரியும், அலையில் இரண்டு அன்னங்கள் எழும், நாணலுக்குள் ஒரு நாரை! ஓவியமே இல்லை, எல்லாம் புடைப்பு. சுடும்போது பீங்கான் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அச்சையே பெரிதாகச் செய்ய வேண்டும். மேலே பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் தடித்தால் இறகுக் கோடுகள் மூழ்கிவிடும். அதையும் மீறி இவ்வளவு கூர்மை!

மைசன் ஆலையின் சிற்பி கேண்ட்லரும் அவர் குழுவும் 1737 முதல் 1742 வரை, சாக்சனி அமைச்சர் புரூலுக்காக இந்த அன்ன விருந்துத் தொகுப்பில் 2,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் செய்தார்கள். விளிம்பில் புரூலின் குலச்சின்னமும் மனைவியின் கோலோவ்ராட் குலச்சின்னமும் சேர்ந்தே இருக்கும். 1945-இல் புரூல் குடும்ப மாளிகையில் இருந்ததில் பெரும்பகுதி உடைந்தும் களவுபோயும் சிதறியது. திங்களன்று காட்சியகம் மூடியிருக்கும்.

மைசன் பீங்கான் ஆலைக்கு ட்ரெஸ்டனிலிருந்து எஸ்1 ரயிலில் மைசன் ட்ரிபிஷ்டால் வரை போங்கள், முக்கால் மணி நேரத்துக்குள்தான். நாலைந்து பேர் என்றால் சிறுகுழு நாள் டிக்கெட் மலிவு. ஆலைக் கடை விலை நம் பட்ஜெட்டுக்கு எட்டவே எட்டாது.

சனிக்கிழமை எல்பே ஆற்றங்கரைப் பழம்பொருள் சந்தைக்குப் போனால் உஷார். குலச்சின்னம் கண்ணில் பட்டாலே சிலர் 18-ஆம் நூற்றாண்டு விலை சொல்கிறார்கள். அது அநியாயம். சின்னம் கிளேஸுக்கு மேல் வரைந்து, குறைந்த சூட்டில் தனியாகச் சுடுவது. பழைய வெள்ளைத் தட்டில் பிற்பாடு யாரும் ஏற்றலாம். பழைய தட்டை மறுபடி சூளையில் வைத்தால் உள்ளே ஊறிய அழுக்கு கரும்புள்ளியாக வெளிவரும். சின்னத்தைச் சுற்றி லென்ஸ் வைத்துத் தேடுங்கள். தட்டு முழுக்கக் கத்திக் கீறல் இருந்து சின்னம் மட்டும் பளபளத்தாலும் வாங்க வேண்டாம். அடியில் உள்ள ஆலை முத்திரையான நீல வாள்களின் குறுக்கே வெட்டுக்கோடு இருந்தால் ஆலையே தரம் குறைத்து விற்ற சரக்கு. விலையை அடித்துப் பேசுங்கள். விரல்நுனியில் தட்டை நிறுத்தி நகத்தால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் விரிசல். புற ஊதா டார்ச் ஒன்று கையில் இருந்தால் ஒட்டுப்போட்டுப் பூசிய இடம் வேறு நிறத்தில் ஒளிரும்.

வாங்கிவிட்டால், தட்டுக்கு நடுவே துணி வைத்து, படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்திக் கைப்பையில் அடுக்குங்கள்.