16 மைக்ரோ நொடியும் பட்டர்வொர்த் ஃபெர்ரியும்

சிக்னலை நிரலால் கையாளும் மென்பொருள் ரேடியோ என்றால் எல்லாவற்றையும் கணினியிலேயே எழுதிவிடலாம் என்றுதான் நானும் நம்பினேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வந்த இரவுகளில், உரிமச் சிக்கல் வராதிருக்க ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, சிக்னலைத் தணிக்கும் அட்டென்யூவேட்டர் இட்ட கேபிளால் ரேடியோப் பலகையை ஒரு வைஃபை கருவியோடு இணைத்துச் சோதித்தேன். ஃபிரேம் எனும் தரவுப் பொதி பிழையின்றி வந்தது, ‘கிடைத்தது’ என்று சொல்லும் ஒப்புகையும் போனது. ஆனால் பதிவில் அதே வரிசை எண், மறு அனுப்பலைக் குறிக்கும் ரீட்ரை பிட் 1 ஆகி, மீண்டும் மீண்டும் வந்தது.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஃபிரேம் முடிந்த 16 மைக்ரோ நொடியில் ஒப்புகை புறப்பட்டாக வேண்டும். பலகையைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி 2.0, வேலையை 125 மைக்ரோ நொடித் துண்டுகளாகப் பிரித்தே நடத்துகிறது. பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரியைத் தவறவிட்டவன் எவ்வளவு ஓடினாலும் அடுத்தது வரும்வரை துறையில் நிற்கத்தான் வேண்டும். இயங்குதளத்தின் தாமதம் வேறு, முறைக்கு ஓர் அளவாக. நிரலை இரண்டு வாரம் செதுக்கியது வீண்.

பிறகுதான், எதன் நேரம் முன்கூட்டியே தெரியும் என்று பிரித்துப் பார்த்தேன். வைஃபை தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் வழக்கமாக 102.4 மில்லி நொடிக்கு ஒருமுறை போவது. கணினி அதை நிதானமாக ஆக்கி, நேர முத்திரையிட்டு முன்னதாகவே அனுப்பிவிட்டால், பலகையின் கடிகாரம் உரிய வேளையில் வெளியே விடும். ஒப்புகையோ அடுத்தவர் பேசி முடித்தபின் சொல்லும் பதில். அது பலகையிலேயே இருக்கும், உள்சுற்றை நாமே அமைக்கும் சில்லான எஃப்பிஜிஏவுக்குள் போயே ஆக வேண்டும்.

100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 16 மைக்ரோ நொடி என்பது 1,600 துடிப்பு. தாராளமாகத் தோன்றினாலும், கடைசிக் குறியீட்டைப் பிழைதிருத்தும் விட்டர்பி டிகோடர் அவிழ்ப்பதிலும் ரேடியோ அனுப்பும் பக்கம் திரும்புவதிலும் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. தப்பிக்கும் வழி ஃபிரேமின் அமைப்பிலேயே இருந்தது. அனுப்பியவரின் முகவரி 11-ஆம் பைட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சரிபார்க்கும் 4 பைட்டுகள் கடைசியில் வருகின்றன. ஆகவே ஃபிரேம் வந்துகொண்டிருக்கும்போதே 14 பைட் ஒப்புகையை முழுதாக ஆக்கி வாசலில் நிறுத்திவிட்டு, சரிபார்ப்பின் ஒற்றைச் சொல்லுக்காக மட்டும் காத்திருக்கச் செய்தேன்.

அனுப்பும் முன் காத்திருக்கும் 9 மைக்ரோ நொடி ஸ்லாட்டுகளை எண்ணும் வேலையும் உள்ளே போயிற்று. எந்த வேகத்தில் அனுப்புவது, எப்போது கைவிடுவது என்பன கணினியிலேயே இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றிப் பார்க்கத்தானே இந்தப் பலகை. “கடையில் விற்கும் டாங்கிளே இதைச் செய்யுமே அண்ணே” என்ற வேலையிடத்துத் தம்பிக்கும் அதையே சொன்னேன்.

நேற்றிரவு ஆசிலாஸ்கோப்பில் ஃபிரேம், ஒப்புகை என்ற இரண்டு மேடுகளுக்கு நடுவே 16.2 மைக்ரோ நொடி. பதிவில் வரிசை எண் 412, 413, 414 என்று நகர்ந்தது.