850 வார்த்தை, ஒரு 'போடு', அப்புறம் எங்க அண்ணியோட அளவு நோட்டு

வாட்ஸ்அப்ல காலைல காலைல ஒரு படம் சுத்துமே, பாத்திருப்பீங்க. ரோஜாப்பூ, பின்னாடி சூரியன், நடுவுல "இன்றைய பத்து ஆங்கிலச் சொற்கள்". எங்க அண்ணிக்கு வந்த ஒண்ணுல முதல் வார்த்தை 'மெட்டிகுலஸ்', ரெண்டாவது 'யூஃபோரியா', அதாவது தலைகால் புரியாத சந்தோஷம். அண்ணி அதையும் விடாம ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதி, பக்கத்துல தமிழ் அர்த்தம், அதுக்குப் பக்கத்துல உச்சரிப்புன்னு மூணு காலம் கட்டி வச்சிருக்காங்க. அவங்க இங்கிலீஷ் கத்துக்க ஆரம்பிச்சதே பையனோட ஸ்கூல் டைரில மிஸ் எழுதி விடுற ரெண்டு வரி புரியணும், ஸ்கூல் குரூப்ல வர்ற மெசேஜுக்கு யாரையும் கூப்பிடாம தானே பதில் போடணும்ங்கறதுக்காகத்தான். இதுல யூஃபோரியாவ வச்சுக்கிட்டு என்ன பண்றது? எந்த மிஸ்ஸும் இன்னிக்கு உங்க பையன் யூஃபோரியாவோட இருந்தான்னு எழுதி அனுப்பப் போறதில்ல.

இந்த லிஸ்ட் போடுறவங்க மேல எனக்கு நெஜமாவே கடுப்பு. கஷ்டமான வார்த்தைன்னா நல்ல வார்த்தைன்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு, பட்டிமன்றத்துல பேசுற தமிழ் தான் தமிழ்னு நெனைக்கிற மாதிரி.

எத்தனை வார்த்தை தெரிஞ்சா இங்கிலீஷ்ல காலத்த ஓட்டலாம்ங்கறத சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லாம உக்காந்து எண்ணிப் பாத்தவங்க இருக்காங்க. 1921லயே அமெரிக்காவுல எட்வர்ட் தார்ண்டைக்னு ஒரு உளவியல் பேராசிரியர், எது அடிக்கடி வருதுன்னு எண்ணி டீச்சருங்களுக்காக 10,000 வார்த்தைக்கு ஒரு பட்டியல் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், அத்தனையும் கையால எண்ணினது. அப்புறம் 1930ல இங்கிலாந்துல சார்லஸ் கே ஆக்டன்னு ஒருத்தர் வந்து, அவ்ளோ எல்லாம் எதுக்கு, 850 போதும்னுட்டார். அதுக்கு அவர் வச்ச பேர் 'பேசிக் இங்கிலீஷ்'. 850ல 600 பொருளோட பேரு, 150 குணத்த சொல்றது, மிச்ச 100ல தான் வினைச்சொல்லு, 'இன்' 'ஆன்' 'அப்' மாதிரி ஒட்டு வார்த்தைங்க எல்லாம் அடக்கம். வினைச்சொல்லுன்னு பாத்தா மொத்தமே 18 தான். கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பி, டூ, ஹேவ், சே, சீ, சென்ட், மே, வில். முடிஞ்சுது. 'என்டர்' எதுக்கு, 'கோ இன்' இருக்கே. 'ஈட்' எதுக்கு, 'டேக் ஃபுட்'னு சொல்லிட்டு போ.

கேக்க ஜோராத்தான் இருக்கு, ஆனா அந்த 850ல 'வான்ட்' கிடையாது, 'கேன்' கூட கிடையாது. தண்ணி வேணும்னா 'ஐ ஹேவ் எ டிசையர் ஃபார் வாட்டர்'னு கேக்கணும். டீக்கடைல நின்னு இப்படி கேட்டா மாஸ்டர் நம்மள ஏற எறங்க பாப்பார். அப்ப பிரிட்டிஷ் பிரதமரா இருந்த சர்ச்சிலுக்கு இந்த பேசிக் இங்கிலீஷ் மேல ஒரு காதல், 1943ல ஹார்வர்ட் யுனிவர்சிட்டில போய் இதுக்காக பேசிட்டு வந்தார். அதுக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு லெட்டர்ல கிண்டல் பண்ணார், 1940ல நீங்க மக்கள் முன்னாடி ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வைன்னு பேசினீங்களே, அத பேசிக் இங்கிலீஷ்ல சொல்லிருந்தா ரத்தம், வேலை, கண்ணுத்தண்ணி, மூஞ்சித்தண்ணின்னுல்ல சொல்லிருக்கணும்னு. சரியான குத்து.

எனக்கு இவங்க எல்லாரையும் விட புடிச்ச ஆள் மைக்கேல் வெஸ்ட். அவரும் வெள்ளைக்காரர் தான், ஆனா பிரிட்டிஷ் காலத்துல டாக்காவுல டீச்சருங்களுக்கு டிரெய்னிங் குடுக்குற காலேஜ்ல இருந்தவர், அதனால நம்ம பக்கத்து பசங்க இங்கிலீஷ்ல எங்க தடுமாறுறாங்கன்னு கண்ணால பாத்தவர். அவர் ஒரு விஷயம் சொன்னார், இன்ஷூரன்ஸ் பாலிசில சரண்டர் வேல்யூன்னு ஒண்ணு இருக்குல்ல, பாதியில நிறுத்தினாலும் கட்டினதுக்கு ஏதோ ஒரு காசு கைக்கு வரும், படிப்பும் அப்படி இருக்கணும்னு. அஞ்சாங்கிளாஸோட நிக்கப்போற பையனுக்கு பத்தாங்கிளாஸ்ல உபயோகப்படப்போற இலக்கணத்த இப்பவே ஊட்டினா, நின்னுட்டு போகும்போது அவன் கையில என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. அதனால முதல்ல அதிகமா வர்ற வார்த்தைங்கள வச்சு கதை எழுதி படிக்க வச்சார், பழைய கவிதைல மட்டும் வர்ற வார்த்தைங்கள எல்லாம் கதைலேர்ந்து தூக்கிட்டார். 1953ல அவர் போட்ட 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்'ல சுமார் 2000 வார்த்தை. அம்பது லட்சம் வார்த்தைக்கு எத்தனை தடவை வருதுங்கற கணக்கோட நிக்காம, ஒரே வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருந்தா எந்த அர்த்தம் எத்தனை சதவீதம்னு வேற போட்டிருப்பார். சாதாரண புத்தகம் ஒண்ண எடுத்து எண்ணினா நூறு வார்த்தைல சுமாரா எண்பது அந்த 2000க்குள்ளயே அடங்கிடும். 'கம்ப்யூட்டர்', 'டெலிவிஷன்' எல்லாம் அதுல இல்ல, அது அந்த காலத்து பட்டியல். 2013ல அத புதுசா எண்ணி 'நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்'னு சுமார் 2800 வார்த்தைக்கு விட்டிருக்காங்க, நெட்ல இலவசமா கிடைக்குது, பணம் கட்டி ஆப் வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

சரி, இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, இந்த லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்து அண்ணிகிட்ட குடுத்தப்ப அவங்க மொகம் சுருங்கிடுச்சு. "என்ன தம்பி, கோ, கம், கிவ், டேக்குனு இருக்கு, இதெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் பாடம், இது தெரியாதா எனக்கு?"ன்னாங்க. நியாயமான கேள்வி தான். எல்லாரும் தெரியும்னு தாண்டிப் போற எடம் இதான், ஆனா கஷ்டம் அத்தனையும் இதுக்குள்ள தான் உக்காந்திருக்கு.

நான் அவங்ககிட்ட திருப்பி கேட்டேன், அண்ணி, 'போடு'ங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன? 'புட்'னு சட்டுனு சொன்னாங்க. சரி, காபி போடு? கோலம் போடு? சண்டை போடு? கையெழுத்து போடு? ஃபேன் போடு? ஊசி போடு? தாப்பா போடு? கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சிரிச்சுட்டாங்க. காபிக்கு 'மேக்', கோலத்துக்கு 'டிரா', சண்டைக்கு 'ஃபைட்', கையெழுத்துக்கு 'சைன்', ஃபேனுக்கு 'டர்ன் ஆன்', ஊசிக்கு 'கிவ்', தாப்பாவுக்கு 'போல்ட்'. சட்டை போடுறதுக்கு 'புட்' வருது, அதுவும் வால்ல ஒரு 'ஆன்' ஒட்டிக்கிட்டு. நாம வெளில 'புட்டிங் ஃபைட்'னு பேசி சிரிப்பு வாங்குறது இதனாலதான். வார்த்தை தெரியாம இல்ல, தமிழ்ல அந்த வார்த்தை போற எடத்துக்கெல்லாம் இங்கிலீஷ்லயும் கூடவே வரும்னு நம்புறோம்.

அந்தப் பக்கம் 'கெட்'டும் அதே கதை தான். 'கெட் அப்'னா எழுந்திரு, 'கெட் ஆஃப்'னா பஸ்ஸ விட்டு எறங்கு, 'கெட் இன்'னா கார்ல ஏறு, 'கெட் பேக்'னா திரும்பி வா, 'ஐ காட் இட்'னா புரிஞ்சுது, 'இட் இஸ் கெட்டிங் லேட்'னா நேரமாகுது. டிக்ஷனரில 'பெறு'ன்னு போட்டிருக்கும், அத வச்சுக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்கவே முடியாது. ஆனா தமிழ் பேசுறவங்களுக்கு இது ஒண்ணும் புது விளையாட்டு இல்ல. 'எடு'வ வச்சே எடுத்துக்கோ, எடுத்துடு, எடுத்துட்டு வா, எடுத்து வை, எடுத்துக் குடுன்னு நாம எத்தனை பண்றோம்! நம்மகிட்ட வினைக்குப் பின்னாடி இன்னொரு வினை ஒட்டுது, அவங்ககிட்ட 'அப்', 'ஆஃப்', 'அவுட்' ஒட்டுது. இத சொன்னப்புறம் அண்ணிக்கு மனசுல ஏதோ ஒரு கதவு தெறந்துடுச்சு, நோட்டுல 'கெட்'டுக்குன்னு தனியா ரெண்டு பக்கம் ஒதுக்கிட்டாங்க. தனி வார்த்தையா எழுதுறதில்ல இப்ப, முழு வாக்கியமாத்தான் எழுதுறாங்க, அதுவும் அவங்க வீட்டு வாக்கியம், "கெட் அப், வேன் ஹேஸ் கம்".

இன்னொண்ணு, நமக்கு ஏற்கனவே எவ்ளோ தெரியும்ங்கறத யாரும் கணக்குல எடுத்துக்கறதே இல்ல. அண்ணி வீட்டுலயே தைக்கிறவங்க, பிளவுஸ், சுடிதார், பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது. அவங்க அளவு நோட்ட எடுத்துப் பாத்தேன், தமிழ் எழுத்துல தான் இருக்கு, ஷோல்டர், செஸ்ட், வெயிஸ்ட், ஹிப், ஸ்லீவ் லென்த், ஃப்ரன்ட் நெக், பேக் நெக். அதுக்கு கீழ, லைனிங் உண்டு, பைப்பிங் வேணாம், கை கொஞ்சம் லூஸ், ஹூக் முன்னாடி. பாதி உடம்பு இங்கிலீஷ்ல இருக்குங்க அதுல! இதையே அந்த முப்பது நாள் புக்கெல்லாம் ஏழாம் நாள் பாடம், உடல் உறுப்புகள்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். லூஸ், டைட், ஷார்ட், லாங், ஃப்ரன்ட், பேக், ஃபுல், ஹாஃப், கட்டிங், ஜாயின்ட், இதெல்லாம் வெஸ்ட் காலத்துலேர்ந்து எல்லா பட்டியல்லயும் வர்ற ரக வார்த்தைங்க தான். அதனால லிஸ்ட்ட கையில எடுத்ததும் மொதல்ல பண்ண வேண்டியது, தெரிஞ்சதுக்கு எல்லாம் ஒரு கோடு அடிச்சுட்டு வர்றது. பஸ், டிக்கெட், பேலன்ஸ், சேஞ்ச், ஸ்டார்ட், ஸ்டாப்புன்னு அடிச்சுட்டே போனா பக்கத்துக்கு பாதி காணாமப் போயிடும், அண்ணிக்கு அதுல வந்த தைரியம் வேற எதுலயும் வரல. என்ன, நம்ம ஊர்ல அர்த்தம் மாறின சிலத மட்டும் பாத்துக்கணும். நமக்கு 'ஹோட்டல்'னா சாப்பிடுற எடம், 'கவர்'னா பிளாஸ்டிக் பை, வெளியூர்க்காரங்ககிட்ட 'ஒன் கவர்'னு கேட்டா முழிப்பாங்க.

இப்ப டைரிக்கு வர்றேன். அங்க என்ன எழுதிருந்துச்சுன்னா, 'டியர் பேரன்ட், கைண்ட்லி சென்ட் யுவர் வார்டு இன் கலர் டிரஸ் டுமாரோ'. அண்ணிக்கு 'சென்ட்' தெரியும், 'கலர் டிரஸ்' தெரியும், 'டுமாரோ' தெரியும். 'வார்டு'ல வந்து நின்னுட்டாங்க. வார்டுன்னா நமக்கு ரெண்டு தான், ஆஸ்பத்திரி வார்டு, கவுன்சிலர் வார்டு. எந்த வார்டுக்கு கலர் டிரஸ்ல அனுப்பணும்னு எனக்கு போன் பண்ணி கேட்டாங்க. பெத்தவங்ககிட்ட பிள்ளைய வார்டுன்னு சொல்றது நம்ம ஊர் ஸ்கூலுங்களோட ஒரு பழக்கம், உங்க பையன்னு எழுதினா என்ன கொறஞ்சுடுமோ தெரியல. டெஸ்ட்டுக்கு 'போர்ஷன்', 'வித்அவுட் ஃபெயில்', 'ஆன் ஆர் பிஃபோர்', 'சர்க்குலர்', 'போனஃபைடு'ன்னு இந்த ஸ்கூல் பாஷை தனி உலகம். ஆக்டனோட 850ல போனஃபைடு வராது, யூஃபோரியா படம் அனுப்புறவரும் போட மாட்டார். நூத்துல எண்பத பட்டியல் பாத்துக்கும்னு சொன்னேன்ல, மிச்ச இருபதுல தான் நம்ம சொந்த சோலி இருக்கு. அத யாரும் அச்சடிச்சு தர முடியாது, நாமளே சேக்கணும். அண்ணி பழைய டைரி எல்லாத்தையும் எடுத்து வச்சு, மிஸ்ஸு எழுதின வார்த்தைங்கள கடைசி பக்கத்துலேர்ந்து பின்னோக்கி எழுதிட்டு வர்றாங்க. ஒரு அளவுக்கு மேல புதுசா எதுவுமே வரல, அதே வார்த்தை தான் திரும்பத் திரும்ப. பேங்க்ல வேலை பாக்குறவங்களுக்கு, டெலிவரி ஓட்டுற பையனுக்கு, ஆஸ்பத்திரில ஆயா வேலை பாக்குறவங்களுக்கு எல்லாம் இதே மாதிரி அவங்கவங்க ரெண்டு பக்கம் இருக்கும்.

லீவ் லெட்டர் விஷயத்தையும் சொல்லிடறேன். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நம்மள்ல பல பேர் சொல்லிடுவோம், அண்ணியும் சொல்லுவாங்க, பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினது. ஆனா டாக்டர் முன்னாடி உக்காந்து எனக்கு காய்ச்சல்னு சொல்லணும்னா வாய் வராது. 'ஐ ஹேவ் ஃபீவர்', மூணே வார்த்தை. சஃபரிங் தெரியுது, ஹேவ் வர மாட்டேங்குது! அதனால இப்ப பையனுக்கு ஒடம்பு சரியில்லன்னா குரூப்ல 'ஹி ஹேஸ் ஃபீவர், ஹி வில் நாட் கம் டுடே'ன்னு அண்ணி போடுறாங்க. மிஸ்கிட்டேருந்து 'ஓகே மேம், டேக் கேர்'னு பதில் வந்துச்சு. அந்த 'டேக் கேர்'ல என்னத்த எடுக்கணும்னு ஒரு தனி விசாரணை நடந்தது வேற கதை.

அமெரிக்க அரசாங்க ரேடியோ வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959லேர்ந்து சுமார் 1500 வார்த்தைய மட்டும் வச்சு, மெதுவா வாசிச்சு செய்தி சொல்லிட்டு இருந்துச்சு, 'ஸ்பெஷல் இங்கிலீஷ்'னு பேர். காது பழகணும்னா அந்த மாதிரி மெதுவா பேசுற ஆடியோ தான் சரி. தமிழ் எழுத்துல உச்சரிப்ப எழுதி வச்சுக்கிட்டு படிச்சா 'பேட்'டுங்கறது மட்டையா தட்டுறதான்னே தெரியாது, நம்ம 'ப'வுக்கு ரெண்டும் ஒண்ணு தான். அந்த மூணாவது காலத்த அடிச்சுடுங்கன்னு அண்ணிகிட்ட சொல்லிருக்கேன், இன்னும் அடிக்கல, பாவமா இருக்காம்.

நேத்து அவங்க கேட்ட சந்தேகம் 'தி' எங்க போடணும்ங்கறது. இங்கிலீஷ்லயே அதிகமா வர்ற வார்த்தை அதான், எழுத்துல நூறுக்கு ஆறேழு எடம் அதுக்கே போயிடும், பட்டியல்ல முதல் வரி. தமிழ்ல அப்படி ஒரு வார்த்தையே இல்லாததால நமக்கு அது கடைசியாத்தான் படியும். "இப்போதைக்கு விட்டுடுங்க அண்ணி, 'தி' இல்லன்னா மிஸ்ஸுக்கு புரியாமலா போயிடும்"னேன். அதெப்படி தம்பி, முதல் வார்த்தையவே விட்டுட்டு ரெண்டாவதுக்கு போறதுன்னு இன்னிக்கு காலைலயும் சண்டை.