வடிகால் திறந்திருக்கும் தொட்டி

கணிதப் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்து வருகிறது. ஒரு குழாய் அதை 6 மணி நேரத்தில் நிரப்பும், மற்றொன்று 10 மணி நேரத்தில் காலியாக்கும், இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிறையும் என்பது கேள்வி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என்னிடம் மாலையில் படிக்க வரும் சிறுமி, "அந்தக் கொழாய மூடிட்டா போதாதா சார்?" என்றாள்.

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. ஆகவே தொட்டியை வயலாக்கினேன். வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்திருக்கிறது. மடையைத் திறந்தால் வயல் 6 மணி நேரத்தில் நிறையும். ஆனால் வரப்பில் நண்டு வளை விழுந்து, நிறைந்த வயலை 10 மணி நேரத்தில் வடித்துவிடும் அளவுக்கு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இருட்டில் வளையைத் தேடி அடைக்க ஆளில்லை. நமது முறையோ 12 மணி நேரம்தான். ஆறில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றைக் கழித்துப் பதினைந்தில் ஒன்று என்று கண்டவள், விடையை எழுதுவதற்கு முன்பே, "அஞ்சுல நாலு பங்குதான் சார் நெறயும்" என்று வருத்தப்பட்டாள். விடைக்காக ஒரு பிள்ளை வருத்தப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வழவழப்பான தாளில் கண்ணாடி போட்ட அணிலை வரைந்து, வாக்கியத்துக்கு வாக்கியம் ஆச்சரியக்குறி இடுவதையே பாடநூலுக்குச் சுவையான நடை என்று பலர் எண்ணுகிறார்கள். அணிலை நீக்கிவிட்டால் பழைய தொட்டிதான் மிஞ்சுகிறது.

(மிக வறண்ட நூலொன்றைப் படித்தே இந்தக் கும்பகோணத்தில் ராமானுஜன் வளர்ந்தார் என்று நண்பர்கள் மடக்குவார்கள். ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் ஆயிரக்கணக்கான முடிவுகள் உண்டு, விளக்கம் மிகக் குறைவு. உண்மைதான், ஆனால் பாடநூல் எழுதப்படுவது ராமானுஜனுக்காக அல்லவே.)

கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூல், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வெண்பாவில் வழி சொல்கிறது: காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பண்ணுருட்டிப் பழம் ஒன்றை வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்தேன். 65 முள் என்றான் ஒருவன், 78 சுளை வர வேண்டும். 70 முள் என்றாள் அந்தச் சிறுமி, 84 வர வேண்டும். அறுத்தபோது இரண்டுமே வரவில்லை. விதி பொய்யா, அல்லது காம்பருகு என்பது எதுவரை என்று தெரியாமல் எண்ணினோமா என்ற சண்டை, சுளை தீர்ந்த பின்னும் ஓயவில்லை.