ஆற்றுப்படிவில் கிடைத்த வாத்தின் எலும்பு

ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியை நோக்கி ஓடும் கூப்பர் ஓடையின் பழைய படிவுகளில் கிடைக்கும் நீர்ப்பறவை எலும்புகளைப் பற்றிச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். பறவையின் எலும்பு மெல்லிய சுவருடையது. ஆறு அதை உருட்டிச் சென்று மணலில் புதைக்கும்போது முழு எலும்புக்கூடு மிஞ்சுவது அரிது என்பதால், ஆய்வாளரின் கைக்குப் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளே வருகின்றன. தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் கோரக்காய்டு, சிறகின் மேலெலும்பு, விரல்களுக்கு மேலுள்ள கால் எலும்பு ஆகியவை உறுதியானவை. அடையாளமும் அவற்றில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. சிறகெலும்பின் தோள்முனையில் காற்றறைக்குச் செல்லும் துளை பல வாத்துகளில் இருக்கும். மூழ்கி இரைதேடும் கஸ்தூரி வாத்தில் அது இராது.

குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தின் சார்லஸ் டி விஸ், டார்லிங் டவுன்ஸ் பகுதியிலும் ஏர் ஏரிப் பகுதியிலும் கிடைத்த துண்டுகளை ஆராய்ந்து, அழிந்துபோன இனங்கள் எனப் பல புதிய பெயர்களைச் சூட்டினார். 1977-இல் பறவைப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோர்ஸ் ஓல்சன் அவற்றுள் வாத்து எலும்புகளை மீண்டும் ஒப்பிட்டபோது, அவற்றுள் பல இன்றும் வாழும் கஸ்தூரி வாத்து போன்றவற்றின் எலும்புகளே எனத் தெரிந்தது. டி விஸ்ஸைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஒரே இனத்திலும் ஆண் பெண் உடலளவு வேறுபடும். கஸ்தூரி வாத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரிது. வாழும் பறவைகளின் எலும்புக்கூடுகள் இருபாலிலும் போதிய அளவு ஒப்பிடக் கையில் இல்லாதவருக்குப் பெரிய எலும்பு ஒன்றும் சிறிய எலும்பு ஒன்றும் இரண்டு இனங்களாகத் தோன்றுவதில் வியப்பில்லை.