இரவல் புத்தகக் கணக்கு: செஷன் படுத்திய பாடு

வீட்டிலிருந்து இரவல் போன புத்தகம் எதுவும் தானாகத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. யாரிடம் எது இருக்கிறது என்று குறித்து வைக்க, பிஎச்பியில் (இணையதளம் எழுதும் நிரல்மொழி) சின்னதாக ஒரு தளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். லேப்டாப்பையே சர்வராக ஆக்கும் எக்ஸாம்ப் மென்பொருளைப் போட்டு ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை. போன வாரம் வாடகை சர்வரில் ஏற்றினேன். லாகின் செய்தால் 'வணக்கம், கயல்' என்று வருகிறது (கயல் என் சோதனைப் பயனர்). அங்கிருந்து புத்தகப் பட்டியலைத் தட்டினால் 'லாகின் செய்யவும்'. மறுபடி லாகின், மறுபடி வணக்கம், மறுபடி நீ யார்.

லாகின் செய்தவர் யார் என்று பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் செஷன் என்பது கோயில் வாசலில் செருப்பு விடுகிற கதைதான். செருப்பு சர்வரில் இருக்கும், டோக்கன் நம் பிரவுசரில். அந்த டோக்கன்தான் குக்கி. டோக்கனைக் காட்டாமல் போய் நின்றால் கடைக்காரர் நம்மைப் புது ஆளாகத்தான் பார்ப்பார். எனவே முதலில் குரோமில் எஃப்12 தட்டி, லாகின் பக்கத்துக்கு சர்வர் அனுப்பிய ஹெடர்களைப் பார்த்தேன் (பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகள், குக்கியும் இதில்தான் வரும்). குக்கி கொடுக்கும் வரியே இல்லை. டோக்கனே தரவில்லை!

சர்வர்காரர்கள் மேல்தான் சந்தேகம். செஷன் ஃபைல்கள் விழும் இடத்தை என் கண்ணெதிரே வைத்துக்கொள்ளலாம் என்று, தளத்துக்கு வெளியே ஒரு ஃபோல்டர் திறந்து அதன் பாதையை பிஎச்பி அமைப்புகளை மாற்ற உதவும் யூசர் ஐஎன்ஐ ஃபைலில் எழுதினேன். அந்த ஃபைலை பிஎச்பி 300 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும் என்பது மறந்துபோய், 5 நிமிடம் வீணாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் ஃபோல்டர் காலி. இத்தனை நேரமும் செஷன் அழிகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அது தொடங்கவே இல்லை.

முதலிலேயே திறந்திருக்க வேண்டிய, பிழைகள் பதிவாகும் எரர் லாக்கை அப்போதுதான் திறந்தேன். ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டதால் செஷனைத் தொடங்க முடியாது என்று வரிசையாகப் புலம்பி வைத்திருக்கிறது. சர்வரில் பிழைச் செய்தி திரையில் காட்டுவதை அணைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. செஷன் தொடங்காவிட்டாலும் செஷன் வேரியபிளில் பெயரைப் போட்டால் போடவிடும். அது அந்தப் பக்கம் முடியும்வரை சாதாரண அர்ரேயாக (தகவல் பட்டியலாக) உயிரோடு இருக்கும். 'வணக்கம், கயல்' வந்து என்னை ஏமாற்றியது இதனால்தான்.

ஹெடருக்கு முன்னால் எதை அனுப்பினேன்? ஹெடர்ஸ் சென்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் சொல்லும். சொன்னது: மொழி ஃபைல், வரி 1. திறந்தால் முதல் வரியில் பிஎச்பி தொடக்கக் குறி மட்டும்தான். முன்னால் ஒரு ஸ்பேஸ்கூட இல்லை. நோட்பேட்++இல் திறந்தபோது கீழ்ப்பட்டையில் 'யுடிஎஃப்-8-பிஓஎம்' என்று இருந்தது. தமிழ் வாசகங்களை வைத்திருந்த அந்த ஒரு ஃபைலை மட்டும் பழைய விண்டோஸ் 7 கணினியின் நோட்பேடில் சேமித்திருந்தேன். அது ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் ஒட்டிவிடும், அதுதான் பிஓஎம். இந்த ஃபைலை முதலில் சேர்த்து, அடுத்த வரியில்தான் செஷனைத் தொடங்கியிருந்தேன். அந்த 3 பைட்டும் பக்கத்தின் உள்ளடக்கமாக வெளியே போய்விட்டால், ஹெடரும் அதற்கு முன்னாலேயே போயாக வேண்டும்.

லேப்டாப்பில் ஏன் ஓடியது? எக்ஸாம்பில் அவுட்புட் பஃபரிங் 4096 பைட் என்று இருந்தது. வெளியே போக வேண்டியதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். சர்வரில் அது 0.

பிஓஎம்மை நீக்கிச் சேமித்தேன், செஷன் தொடக்கத்தையும் முதல் வரிக்கு ஏற்றினேன். ஃபோல்டரில் ஒரு ஃபைல்! திறந்து பார்த்தால் பெயர், பக்கத்தில் 12 என்ற எண், பிறகு கயல். மூன்றெழுத்துக்கு ஏன் 12? 'ல்' என்பது ல, புள்ளி என இரண்டு குறியீடு. ஆக மொத்தம் நான்கு, ஒவ்வொன்றும் 3 பைட். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஓர் அற்ப சந்தோஷம்.

மறுநாள் அக்காவின் போனில் மறுபடி அதே கதை. இம்முறை நேராக ஃபோல்டருக்குப் போனேன். இரண்டு புது ஃபைல்: ஒன்றில் கயல், மற்றது 0 பைட். அக்கா டபிள்யூ மூன்றும் போடாமல் முகவரி அடித்திருக்கிறாள். பட்டியலின் லிங்க்கை நான் டபிள்யூவோடு முழு முகவரியாக எழுதியிருக்கிறேன். பிரவுசருக்கு அவை இரண்டு வேறு கடை, ஒரு கடை டோக்கன் மற்றதில் செல்லாது. லிங்க்கைச் சுருக்கி, டபிள்யூ இல்லாமல் வருபவர்களை டபிள்யூ பக்கம் திருப்பிவிட்டேன்.

சாப்பிட்டு வந்தால் லாகின் போய்விடுகிறது என்பது அவளுடைய அடுத்த புகார். அது பிழை இல்லை. 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் தொடாத செஷனைக் குப்பை என்று கருதி எடுத்துப்போடலாம் என்பதுதான் பிஎச்பியின் வழக்கமான அளவு. 7200 ஆக்கியிருக்கிறேன்.

கயலை அழித்துவிட்டு அக்கா பெயரில் முதல் கணக்கைத் திறந்தேன். என் புத்தகம் நான்கு அவளிடம் இருக்கிறது. பட்டியலைப் பார்த்ததும் லாக்அவுட் பட்டன் எங்கே என்று கேட்டாள். அது இன்னும் எழுதவில்லை.