அம்மாவுக்காக இனாரி மலை ஏறினேன்

அம்மாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது நான் ஒசாகாவில் மாட்டிக்கொண்டேன், ஊருக்குப் போக வழியில்லை. அம்மா எழுந்து நடமாடினால் மலை உச்சி வரை ஏறி அவர் பெயரில் ஒரு சின்ன தோரி (ஜப்பானியக் கோயில்களின் தோரண வாசல்) வைக்கிறேன் என்று ஃபுஷிமி இனாரி சாமியிடம் வேண்டிக்கொண்டேன். இப்போது அம்மா தன் கையால் சமைத்துச் சாப்பிடுகிறார். இதற்கு மேலும் நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடலாமா? கியோட்டோவுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

இனாரி ஸ்டேஷனுக்கு நேர் எதிரிலேயே கோயில். 711-லிருந்து நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய சாமி குடியிருக்கும் மலை. பெரிய வாசல் கோபுரம் 1589-இல் ஹிதெயோஷி கட்டிக் கொடுத்தது. ஜப்பானையே ஆட்டிப்படைத்த அந்த மனிதர், தாயார் நோயில் விழுந்தபோது இந்தச் சாமிக்குத்தான் எழுதி வேண்டினார்: குணமானால் 10,000 கோகு (அரிசியை அளக்கும் பழைய ஜப்பானிய அளவு) நிலவருவாய் தருகிறேன், மூன்று வருடம் உயிர் கொடு, முடியாவிட்டால் இரண்டு வருடம், அதுவும் முடியாதென்றால் முப்பது நாளாவது கொடு. அந்த வாசலில் நிற்கும்போது இது நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வராத அந்த ராத்திரி நானும் இப்படித்தானே பேரம் பேசினேன், இன்னும் கொஞ்ச நாள் கொடு சாமி, கொஞ்ச நாள் போதும் என்று. மணியை ஆட்டி, இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கை தட்டியதும் வாயில் வேண்டுதல் எதுவும் வரவில்லை, நன்றி நன்றி என்று மட்டும்தான் வந்தது.

அப்புறம் செந்நிறத் தோரி வரிசைக்குள் நகரவே முடியவில்லை. ஆளாளுக்கு நடுவழியில் நின்று போட்டோ எடுக்கிறார்கள், கைத்தடியோடு ஒரு பாட்டி பின்னால் காத்து நிற்பதுகூடக் கண்ணில் படவில்லை. கும்பிடாமலேயே திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. யோட்சுட்சுஜி முனையில் பாதிக் கூட்டம் திரும்பிவிடும். அதற்கு மேல் படிதான், படிதான். 233 மீட்டர் மலைதானே என்று நினைத்தால் முழங்கால் வேறு கதை சொல்கிறது.

உச்சியில் சுயேஹிரோ ஒகாமி சந்நிதி. கடையில் வாங்கிய சின்ன தோரியில் அம்மா பெயரைத் தமிழிலேயே எழுதி வைத்தேன், சாமிக்குப் படிக்கத் தெரியாதா என்ன! இறங்கும்போதுதான் தோரித் தூண்களின் பின்பக்கம் கொடுத்தவர் பெயரும் தேதியும் கண்ணில் படுகின்றன, எத்தனை குடும்பங்கள், எத்தனை வேண்டுதல்கள், எல்லோருக்கும் செவிசாய்த்திருக்கிறார். அடுத்த முறை அம்மாவையே கூட்டி வருகிறேன், உச்சிக்கு வேண்டாம், வாசல் வரைக்கும் போதும், அதற்கும் நீங்களே வழிவிடுங்கள் சாமி.