தீப்பெட்டிப் படங்கள்: மூன்றாவது கட்டின் லேபிள்களை உரித்துக் காயவைத்தது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய கட்டு. மொத்தம் 64 உருப்படி: மரச்சீவல் பெட்டி 22, அட்டைப் பெட்டி 31, மீதி 11 முன்பக்கப் படம் மட்டும் கத்தரிக்கப்பட்ட துண்டுகள். இந்தக் கடைசி வகையைப் பார்த்தால்தான் வயிறெரிகிறது. அட்டைப் பெட்டியில் படம் முன்னால் இருக்கும். ஊர், மாவட்டம், விலை எல்லாம் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும். படத்தை மட்டும் வெட்டினால் அது எந்தக் காலத்துப் பெட்டி என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது.

குச்சி மிச்சமிருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் உரசு பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் ஒரே டப்பாவில் குலுங்க விடக் கூடாது. குச்சிகளை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு எறியலாம்.

மரச்சீவல் பெட்டிகளில் தொல்லை தருவது அவற்றைச் சுற்றிய நீலத்தாள். லேபிள் அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும். பெட்டியோடு தண்ணீரில் போட்டால் நீலச்சாயம் இறங்கி, லேபிளின் வெள்ளைப் பகுதியெல்லாம் ஊதா பூத்துவிடும். பிறகு எதற்கும் போகாது. முதல் கட்டில் நாலைந்து இப்படித்தான் வீணாயின. இந்த முறை செய்தது வேறு. லேபிள் உள்ள பலகையை மட்டும் மேல்பெட்டியிலிருந்து பிரித்து, ஈர ஸ்பாஞ்சின் மேல் மரப்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, தட்டால் மூடி வைத்தோம். ஈரம் மரத்தின் வழியே மெதுவாக ஏறும். மாவுப்பசை என்றால் 20 முதல் 40 நிமிடத்தில் இளகி, லேபிள் தானே வழுக்கும். வழுக்கவில்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். நகத்தால் நெம்பினால் மூலை கிழியும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அசையாததைப் பலகையோடு அப்படியே வைத்துக்கொள்வதே மேல்.

அதற்கு முன்பே ஒரு சோதனை உண்டு. ஈரப் பஞ்சுக்குச்சியை மூலையில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஐந்து விநாடி ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த லேபிளை நனைக்க வேண்டாம். சிவப்பும் ரோஸும்தான் அதிகம் ஏமாற்றுகின்றன.

உரித்த லேபிளைக் குப்புறக் கண்ணாடி மேல் போட்டு, பின்பக்கப் பசையை நனைந்த மென்தூரிகையால் தள்ளிவிட வேண்டும். பசை மிஞ்சினால் காயும்போது ஒற்றுத்தாளோடு (ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர்) ஒட்டிக்கொள்ளும். போதாததற்குப் பூச்சிக்கும் அதுவே சாப்பாடு. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் இருந்தால், காய்ந்த பிறகு வெள்ளைப் பூப்போ பழுப்புக் கறையோ தெரியும்.

நனைப்பதில் தப்பித்தவை பல காயவைப்பதில் கெடும். நம் ஊர்க் காற்றில் மேலே காய்ந்ததாகத் தெரிகிற தாள் உள்ளே ஈரமாகவே இருக்கும். அப்படியே ஆல்பத்தில் வைத்தால் பத்து நாளில் பூஞ்சணம். வெயிலில் போடலாமா என்றால், பத்து நிமிடத்தில் சுருண்டு குழலாகிவிடும், நிறமும் வெளுக்கும். செய்தித்தாளுக்கு இடையில் வைத்தால் அச்சு மை லேபிளில் ஏறும். இஸ்திரிப்பெட்டி வேண்டவே வேண்டாம். வார்னிஷ் பூசிய லேபிள் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

சரியாக வந்த முறை இது. கீழே இரண்டு ஒற்றுத்தாள், அதன்மேல் பாலியெஸ்டர் வலைத்துணி, லேபிள், மறுபடி வலைத்துணி, மறுபடி இரண்டு ஒற்றுத்தாள். மேலே ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் சுமார் இரண்டு கிலோ எடை. ஒற்றுத்தாளை ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, நாலு மணி நேரத்தில் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை மாற்ற வேண்டும். வலைத்துணியை மாற்றத் தேவையில்லை. கோடையில் இரண்டு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் வைத்தும் சில தாள்கள் தொட்டால் சில்லென்றிருந்தன. சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். ஒற்றுத்தாளைப் பாரிமுனைப் பக்கம், ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் முழுத்தாளாக வாங்கி வெட்டிக்கொள்வது மலிவு.

அட்டைப் பெட்டியை நனைக்கவே கூடாது; அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஒட்டிய விளிம்பை உள்பக்கமிருந்து ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கி, மெல்லிய மழுங்கிய கத்தியை மெதுவாக நுழைத்தால் பெட்டி விரியும். ஆவி காட்டினால் மேல்பூச்சு வெளுத்துப் பால் படிந்தது போலாகிவிடுகிறது. 31-இல் 27 சேதமில்லாமல் விரிந்தன. மற்ற நாலும் அவசரத்தில் கிழிந்தவை.

இனி காலம் கணிப்பது. முகவரி பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். 10 மடங்கு லென்ஸ் வேண்டும். ‘நயா பைசா’ இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்பது 1969 ஜனவரிக்கு முந்தைய வழக்கு. ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். சிவகாசியும் சாத்தூரும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். பிறகு காமராஜர் மாவட்டம். 1997 முதல் விருதுநகர். கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி, அடுத்து சிதம்பரனார் மாவட்டம், அப்புறம் தூத்துக்குடி. குடியாத்தம் பெட்டியில் வடஆற்காடு, வேலூர் என்று பார்க்கலாம். விலையும் உதவும்: 50 பைசா 2007-இல் ஒரு ரூபாயானது, ஒரு ரூபாய் 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. புதுப் பெயர் இருந்தால் அதற்கு முந்தைய பெட்டி இல்லை என்பது உறுதி. பழைய பெயர் இருப்பதை வைத்து மட்டும் பழையது என்று சொல்லிவிட முடியாது. அச்சடித்து மிஞ்சிய லேபிளை யாரும் கிழித்துப் போடுவதில்லை, தீரும் வரை ஒட்டியிருப்பார்கள். இந்தக் கட்டில் ஒரு லேபிளில் ராமநாதபுரம் மாவட்டம் என்று அச்சு, விலை மட்டும் ரப்பர் ஸ்டாம்ப்பில் தனியாகக் குத்தப்பட்டிருந்தது. இப்படிப்பட்டதற்கு ஆல்பத்தில் ஒரே ஆண்டைப் போடாமல் ‘இதற்குப் பின்’ என்று எழுதுவதுதான் நேர்மை.

ஆல்பத்துக்குப் பசையும் செல்லோடேப்பும் ஆகாது. டேப் சில ஆண்டில் பழுத்துக் கறையாகிவிடும். மூலையைச் செருகி வைக்கும் போட்டோ கார்னர் நல்லது. உறை பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். மழைக்கோட்டு வாசம் அடிப்பது பி.வி.சி.; அது மையை இழுக்கும். ஆல்பங்களை மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில், துணிப்பையில் கட்டிய, ஈரம் உறிஞ்சும் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரமானி 50 சதவீதத்தை ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் ஈரம் ஏறிப் பச்சையானால் ஓ.டி.ஜி. எனும் சிறு மின் அடுப்பில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் நிறம் திரும்பும். தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுபவர்கள் உண்டு. பிளாஸ்டிக் உறையோடு அது சேரக் கூடாது. பசை போக அலசி, உலர்வாக வைத்தாலே பூச்சி பெரும்பாலும் அண்டாது.

திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெட்டி இந்தக் கட்டிலும் இல்லை. மெட்ரோ நிலையத்துக்கே அதன் பெயர்தான், ஆனாலும் சென்னையில் அது கையில் சிக்குவதாயில்லை. அடுத்த வேலையாக, 11 வெட்டுத் துண்டுகளை முழுப் பெட்டிகளோடு லென்ஸில் ஒப்பிட்டு, அச்சுப் புள்ளிகளை வைத்து மறுபதிப்பு எத்தனை என்று பிரிக்க வேண்டும்.